கடைசி நாலு நம்பர்

வெள்ளையன் குடித்துக் குடித்து வயிறு வெந்து செத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களே டாக்டர், அது பொய். பொய் என்று தெரிந்துதான் எழுதினீர்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் கோர்ட்டுக்கு இழுப்போம் என்று வக்கீலை விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சரி, எழுதவில்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு. அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்வேன், அவ்வளவுதான்.

என் பெயர் அன்வர் பாஷா. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் மண்டி வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து வரும் கடுக்காய், புளி, சாமை எல்லாம் என் கடைக்கு வரும். வெள்ளையன் வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் ஒரு ஊர்க்காரன். இருபது வருஷமாக என் கடைக்குச் சரக்குப் போட்டவன்.

மலையில் பல ஊர்களில் போன் எடுக்காது. எடுத்தாலும் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். அதனால் ரேஷன் கடை, பேங்க், கேஸ், எங்கே போன் நம்பர் கேட்டாலும் அவர்கள் மண்டி நம்பரைத்தான் சொல்வார்கள். என் நம்பர். மெசேஜ் வந்தால் நான் படித்து, சந்தைக்கு வரும்போது சொல்வேன். எத்தனை குடும்பத்துக்கு அது நம்பர் என்று எனக்கே தெரியாது. உபகாரம் செய்கிறோம் என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை என்ன செய்தது என்று பின்னால் வருகிறது.

கொரோனா இரண்டாவது அலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை போட்டுச் சமாளித்தேன். நான்காம் நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று மனைவி மும்தாஜிடம் சண்டை போட்டேன்.

“மூணு வாட்டி போட்டுட்டேங்க. இதுக்கு மேல போட்டா மாடு கூட குடிக்காது” என்றாள். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்த பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. என் நாக்குக்கு ருசி போய்விட்டது.

மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் கொரோனா என்று வந்தது. நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலை நூறு பங்காக வைத்தால் முப்பத்தைந்து பங்கில் நோய் படிந்திருக்கிறது என்றார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்களே, அதில் எண்பத்தெட்டு காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாதாம். அரசு ஆஸ்பத்திரியில் வராண்டாவில்கூட இடம் இல்லை. அதனால் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பதினோராவது படுக்கை.

மூச்சுத் திணறல் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வலி கிடையாது. மூச்சை இழுக்கிறோம், பாதி வழியில் நின்றுவிடுகிறது. மறுபடி இழுக்கிறோம், மறுபடி நிற்கிறது. குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரல் கொஞ்சம் விரிந்துகொடுக்குமாம். மணிக்கணக்கில் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த மூச்சு வருமா என்று மட்டும் யோசித்துக் கிடந்தேன். வேறு எந்த யோசனையும் வராது. பெரிய பெரிய எண்ணங்கள் வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மும்தாஜை உள்ளே விடவில்லை. எதிரே மூடிக்கிடந்த பேக்கரி வாசலில் மற்றக் குடும்பங்களோடு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். பிளாஸ்கில் கஞ்சியும் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்புவாள். எனக்குக் கண்ணாடி போட முடியாது, ஆக்சிஜன் மாஸ்க் இடிக்கும். ஸ்டெல்லா என்ற நர்ஸ் படித்துக் காட்டுவார். தலை முதல் கால் வரை மூடிய அந்தப் பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து ஊற்றும், ஆனாலும் படித்துக் காட்டுவார்.

“பாய், உங்க வூட்டம்மா எழுதியிருக்காங்க. பல்லு செட்ட தலகாணிக்கு அடியில வெக்காதீங்களாம். போன தடவ ஆஸ்பத்திரில தொலைச்ச மாதிரி இதையும் தொலைச்சா இனிமே வாங்கித் தர மாட்டாங்களாம்.”

வார்டே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் இருமினோம்.

உங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் பெயர் கிடையாது. கவுன்டரில், மருந்துக் கடையில், லேபில், எங்கே போனாலும் ஒரே கேள்வி: “கடைசி நாலு நம்பர் சொல்லுங்க.” போன் நம்பரின் கடைசி நாலு எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டரில் ஆள் வந்துவிடுவான். ஊரில் எல்லாக் கடையிலும் இப்போது அப்படித்தான். அதே பழக்கம் வார்டுக்குள்ளும் வந்துவிட்டது.

நான் சேர்ந்த மூன்றாம் நாள் வெள்ளையனைக் கொண்டுவந்தார்கள். அவன் மனைவி பச்சியம்மா கவுன்டரில் என் நம்பர் போட்ட மண்டிச் சீட்டைக் காட்டியிருக்கிறாள். நம்பரை அடித்தால் என் பெயர் வருகிறது. கவுன்டரில் இருந்த சுகன்யா என்ற பெண், அதே நம்பருக்குக் கீழே இரண்டாவது ஆளாக அவனை ஏற்றிவிட்டாள்.

“பாய், உங்க தம்பி வந்துருக்காரு” என்று சிரித்தபடி ஸ்டெல்லா அவனைப் பன்னிரண்டாவது படுக்கையில் போட்டார்.

அவனிடம் ஸ்டெல்லா விவரம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். என் காதால் கேட்டேன். “எனக்கு வயித்துப்புண்ணு இருக்குதும்மா. முட்டி வலிக்கி மாத்தர சாப்ட்டு சாப்ட்டு வந்துது” என்றான். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். “அந்தச் சனியன தொட்டதே இல்ல” என்றான். ஸ்டெல்லா இரண்டையும் வார்டு கம்ப்யூட்டரில் தட்டினார்.

அவன் தொட்டதில்லை என்பதற்கு நான் சாட்சி. அவன் அண்ணன் சாராயத்தில்தான் போனான். அதன்பிறகு இவன் குடிப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டான். ஊரில் இவனைப் ‘பூசாரி’ என்று கிண்டல் செய்வார்கள்.

வந்த அன்றைக்கே என்னிடம் ஆரம்பித்தான். “போன லோடுல கடுக்கா எடைய கம்மி போட்ட இல்ல பாயி? அதான் சாமி ரெண்டு பேரையும் பக்கத்துல போட்டுச்சு. பேசித் தீத்துக்கோன்னு.”

“ஈரக் கடுக்கா கொண்டாந்துட்டு பேச்சப் பாரு” என்றேன். மாஸ்குக்குள் பேசினால் பாதிதான் கேட்கும். ஆனால் அவன் சிரித்தது தெரிந்தது.

மறுநாள் காலையில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் கம்ப்யூட்டரில் ஏறியது. மதியம் டாக்டர் வந்து பார்ப்பதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிட்டன. ஸ்டெல்லா திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது, போகவே இல்லை. எங்களிடம் “சிஸ்டம் டவுன்” என்று மட்டும் சொன்னார்கள்.

என்ன நடந்தது என்பதை ரொம்ப நாள் கழித்துச் சுகன்யா மண்டிக்கு வந்து சொன்னாள். அதற்குள் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தீர்கள். ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு மெயில் வந்திருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் ஒதுக்கீட்டுப் பட்டியல் என்று தலைப்பு. மாவட்டத்திலிருந்து வந்தது போலவே இருந்ததாம். திறந்திருக்கிறாள். உள்ளே பட்டியல் இல்லை, திருடன் இருந்தான். அவன் அந்த வழியாக நுழைந்து ஒரு வாரம் சத்தமில்லாமல் நோயாளிகளின் விவரங்களை எல்லாம் நகல் எடுத்திருக்கிறான். எடுத்து முடித்ததும், ஃபைல்களை யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவி வேண்டுமென்றால் பணம் கொடு என்று திரையில் எழுதிவிட்டான்.

“அன்னிக்கு எத்தன பேரு ஆக்சிஜன்ல இருந்தாங்க தெரியுமா பாய்? சிலிண்டர் வண்டி வருமா வராதான்னே தெரியல. ஒதுக்கீடு லிஸ்ட்டுன்னு வந்தா தொறக்காம நான் இன்னா பண்ணுவேன்? எம்டி சார்கிட்ட கேட்டுட்டா தொறப்பேன்?” என்று அழுதாள். எம்டி சார் என்றது உங்களைத்தான் டாக்டர்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் திறந்திருப்பேன். எங்கள் பயத்தைத் தெரிந்துகொண்டு அதே பெயரில் மெயில் அனுப்பிய அந்தத் திருடன் கையில் கிடைத்தால் செருப்பைக் கழற்றுவேன். ஆனால் உங்களையும் கேட்பேன் டாக்டர். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆஸ்பத்திரி பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அதைக் காகிதத்தில் எழுதிக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தீர்கள். சேர வந்த அன்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நானே படித்தேன். நகல் வைத்திருந்த டிஸ்க்கை அதே மெஷினில் மாட்டியே வைத்திருந்தீர்கள், அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. தனியாக இருந்த இன்னொரு நகல் பழசு. அதில் வார்டில் அப்போது கிடந்த ஒருவர் பெயரும் இல்லை.

வெள்ளையனுக்கு வயிற்றுப்புண் இருப்பது அந்தப் பூட்டுக்குள் போனது. மறுபடி அவனிடம் யாரும் கேட்கவில்லை.

பூட்டு விழுந்த மறுநாள் பழைய நகலை வைத்துக் கம்ப்யூட்டரை ஓட்டி, வார்டில் இருந்தவர்களைப் பெயரும் நம்பருமாக மறுபடி ஏற்றினார்கள். லேபில் இருந்தவர் பழைய ஆள், ரிசல்ட்டை ஒரு நோட்டிலும் பெயர் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர். அந்த நோட்டைப் பார்த்து எல்லோருடைய ரிசல்ட்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கவுன்டருக்கு அனுப்பச் சொன்னார்கள். அவசரம். சீட்டில் பெயர் எழுத நேரமில்லை. பழக்கதோஷம், கடைசி நாலு நம்பரை எழுதினார். எனக்கும் வெள்ளையனுக்கும் அது ஒரே நாலு நம்பர்.

சுகன்யா தூங்காமல் இருபது மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நம்பர், இரண்டு பெயர், இரண்டு சீட்டு. ஒன்றை அவனுக்கும் ஒன்றை எனக்கும் போட்டாள். மாறிப்போனது.

டி-டைமர் என்று ஒரு சோதனை இருக்கிறது. உடம்புக்குள் ரத்தம் கட்டிக்கொள்கிறதா என்று காட்டும். கொரோனாவில் அப்படிக் கட்டும், அந்தக் கட்டி நுரையீரலில் அடைத்தால் ஆள் காலி. ஐந்நூறுக்குள் இருந்தால் பயமில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க வார்டில் எல்லோருக்கும் வயிற்றுத் தோலில் ஊசி போடுவார்கள். சாதாரணமாக ஒரு வேளை, ரொம்பக் கூடினால் இரண்டு வேளை. வயிற்றில் புண் இருப்பவனுக்கு அந்த இரண்டு வேளை ஊசி போட்டால் புண்ணிலிருந்து வழியும் ரத்தம் நிற்காது.

எனக்கு இருந்தது மூவாயிரத்து இருநூறு. அவனுக்கு முந்நூற்று எண்பது. கம்ப்யூட்டரில் தலைகீழாக ஏறியது.

அவனுக்கு இரண்டு வேளை ஊசி ஆரம்பித்தது. எனக்கு ஒரு வேளை. நான் அதைக் கிண்டல்கூடச் செய்தேன். “இன்னாப்பா, உனக்கு மட்டும் ரெண்டு? நர்சம்மாவுக்கு மலைத் தேனு கொண்டாந்து குடுத்தியா?”

“நீயும் வேணா போட்டுக்கோ பாயி. காசு குடுத்துட்டுதான வந்திருக்க” என்றான்.

அடுத்த நாள் கக்கூஸ் போய்விட்டு வந்து, என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். “பாயி, கருப்பா போவுது. தாரு மாதிரி.”

நான் சொன்ன பதிலை எழுதாமல் விட்டால் நானும் உங்களைப்போல ஆகிவிடுவேன். “மருந்து சூடுப்பா. எளநி குடிச்சா செரியாப் பூடும்” என்றேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியாது. நர்சிடம் சொல்லலாமா என்று கேட்டான். பொம்பளையிடம் இதைப் போய்ச் சொல்வாயா என்று நான்தான் தடுத்தேன்.

அதே நாள் மதியம் பேக்கரி வாசலில் இருந்த மும்தாஜுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் அவள் நம்பரையும் கொடுத்திருந்தேன்.

“மேடம், உங்க ஹஸ்பெண்டு அன்வர் பாஷா, அம்பத்தி நாலு வயசு, பதினோராவது பெட்டு. டி-டைமர் மூவாயிரத்து இருநூறு. ரத்தம் கட்டிக்கினு இருக்கு. அதுக்குண்டான ஊசி ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்ல. நாங்க அனுப்பறோம். பணத்த மட்டும் இப்பவே போட்டுடுங்க.”

“முந்நூத்தி எம்பதுன்னு காலையிலதான சொன்னாங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“ரிப்போர்ட்டு என் கையில இருக்கு மேடம்.” என் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், எடை எல்லாவற்றையும் படித்தானாம்.

பணம் போடவில்லை அவள். போனை வைத்துவிட்டு யோசித்திருக்கிறாள். பின்னால் என்னிடம் சொன்னாள்: “அவன் திருட்டுப் பயதான். ஆனா சர்க்கர சரியா சொன்னான், எட சரியா சொன்னான். அந்த ஒண்ணு மட்டும் எப்டிங்க தப்பாவும்?”

வாட்ச்மேன் தடுத்தும் கேட்காமல் உள்ளே நுழைந்து, டூட்டியில் இருந்த இளம் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். “உங்க ஆஸ்பத்திரிய விட திருடனுக்கு எம் புருசன் ஒடம்பு நல்லாத் தெரிஞ்சிருக்குது. போயி பாருங்க சார்” என்று கத்தியது எனக்கு வார்டுக்குள் கேட்டது. அவர் நல்ல மனிதர். கோபப்படாமல் அவளையும் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போய் நோட்டைப் பார்த்தார். அன்வர் பாஷா மூவாயிரத்து இருநூறு. வெள்ளையன் முந்நூற்று எண்பது. நீல மையில், பெயரோடு. மும்தாஜ் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த இளம் டாக்டர் ஓடி வந்தார். மாடிப்படியில் அவர் ஓடி வந்த சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வந்ததும் வெள்ளையனிடம் முதல் கேள்வி, “வயித்துல எதுனா தொந்தரவு இருந்துதா?” வெள்ளையன் என்னைப் பார்த்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தவன் ரத்தமாகக் கக்கினான்.

அங்கே ஏற்ற ரத்தம் இல்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் வசதியும் இல்லை. விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஏற்றும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். மாஸ்குக்குள் எனக்குக் கேட்கவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் போய்விட்டான். கூட இருந்தது பச்சியம்மா மட்டும். உடம்பை மலைக்குக் கொண்டுபோக விடவில்லை. கீழேயே, தெரியாத ஊர் மண்ணில் புதைத்தார்கள்.

எனக்கு இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. படுத்தே கிடப்பதால் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்தால் ரத்தக்கட்டி. அன்று முதல் எனக்கு இரண்டு வேளை ஊசி. பன்னிரண்டாவது படுக்கை காலியாகக் கிடந்தது, அரை நாளில் வேறொருவர் வந்தார். நான் பத்து நாளில் வீட்டுக்கு வந்தேன். அவனுக்குப் போட்டது எனக்குப் போட வேண்டிய ஊசி.

வீட்டில் நடக்கப் பழகி, மண்டியைத் திறந்த பிறகு பச்சியம்மா வந்தாள். விதவை பென்ஷனுக்கு எழுதிப்போட உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்தாள். இங்கிலீஷ். மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நாள்பட்ட குடிப்பழக்கத்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு, கூடவே கொரோனா என்று இருந்தது.

“இன்னா பாயி போட்டிருக்கான்?” என்றாள்.

சொன்னேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், “இருவத்தாறு வருசம் பக்கத்துல படுத்தவ நானு. எனக்குத் தெரியாம எந்த வாயால குடிச்சானாம்?” என்றாள். ஊரில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. பூசாரி திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான், ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவன் பங்காளிகளே பேசுகிறார்களாம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். ஞாபகம் இருக்கிறதா டாக்டர்? உட்காரச் சொன்னீர்கள். டீ சொன்னீர்கள். “சைபர் அட்டாக் பாய். உலகம் பூரா நடக்குது. நாங்களே பாதிக்கப்பட்டவங்க” என்றீர்கள். பாதி உண்மை. குடிப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்தீர்கள். “மலை ஆளு குடிக்காம இருப்பானா? வுடுங்க பாய். நீங்க பொழச்சீங்க இல்ல?”

லேப் நோட்டைக் கேட்டேன். அப்படி ஒரு நோட்டு இல்லை என்றீர்கள். அந்த இளம் டாக்டரைக் கேட்டேன். வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றீர்கள். விவரங்கள் திருடு போனதை நோயாளிகள் ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. எங்கள் வார்டில் இருந்த இன்னொருவரின் மகள் அதே மாதிரி போனை நம்பிப் பணம் கட்டி, வராத ஊசிக்காக வாசலில் காத்திருந்தாள். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஏமாந்திருக்க மாட்டாள். போலீசுக்கும் நீங்கள் போகவில்லை என்று சுகன்யா சொல்கிறாள். பெயர் கெட்டுவிடுமாம்.

இதில் என் பங்கு என்ன என்று நான் எழுதிவிட்டேன். ஊருக்கெல்லாம் என் நம்பரைக் கொடுத்தது நான். கருப்பாகப் போகிறது என்றவனை இளநீர் குடி என்று வாயடைத்தது நான். பச்சியம்மாவிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள், மூன்று மாதம் மண்டிப் பக்கமே வரவில்லை. இப்போது எந்த ஃபாரத்திலும் என் நம்பரை எழுத நான் விடுவதில்லை. “இன்னா பாயி, எங்க மேல கோவமா?” என்று கேட்கிறார்கள். காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது நீங்கள் புதுக் கட்டடம் கட்டிவிட்டீர்கள். வாசலில் பெரிய போர்டு: எல்லாம் கம்ப்யூட்டர் மயம், உங்கள் விவரங்கள் எங்களிடம் பத்திரம். அதைப் பார்த்த அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு நஷ்டஈடு வேண்டாம். என்னிடம் தனியாகப் பேச வேண்டாம், டீ வேண்டாம், வக்கீல் கடிதமும் வேண்டாம். அந்த நோட்டுப் பக்கத்தின் படம் மும்தாஜிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவோம். உங்களிடம் மூன்று கேள்வி கேட்கிறேன். பூட்டு விழுவதற்கு முன் வெள்ளையனின் விவரத்தில் வயிற்றுப்புண் என்றும் குடிப்பழக்கம் இல்லை என்றும் எழுதியிருந்ததா இல்லையா? அவனுக்கு என் ரிசல்ட்டை வைத்து ஊசி போட்டீர்களா இல்லையா? அவன் குடிகாரன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கச்சிராயபாளையத்துச் சந்தை நாளில், மலை ஜனங்கள் இறங்கி வந்திருக்கும்போது வாருங்கள். பச்சியம்மாவும் இருப்பாள். அவள் முன்னால் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள் டாக்டர், குடிப்பழக்கம் என்று எழுதிய அந்த வரியை எல்லோரும் பார்க்க உங்கள் கையாலேயே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.